விரல் குறையாத கை

அத்தியாயம் ஐந்து

பெட்டிக்குள் படுத்திருந்த வினிஃப்ரெட் எஸ்டியின் வலது கையில் சுட்டுவிரல் பாதிதான் இருந்தது.

திர்சா கோல்வெல் அதை ஒருமுறை பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறை பார்க்கத் துணிச்சல் வரவில்லை. கொண்டுவந்த மலர்க்கொத்தைக் கால்மாட்டில் வைத்துவிட்டு, இறுதிச்சடங்கு மண்டபத்தின் பின்வரிசைக்கு நகர்ந்தாள்.

சட்டம் படிக்கிற பிள்ளைகள் கோடை விடுமுறையில் வக்கீல் அலுவலகத்துக்கு வேலை பழக வந்தால் சட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் பழகலாம். காபி போடலாம், நகல் எடுக்கலாம், கட்சிக்காரர் செத்தால் அலுவலகத்தின் சார்பில் பூ கொண்டுபோய் வைத்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கலாம். செயின்ட் ஜான் நகரத்து ஆல்டன் பெக்விட்டின் அலுவலகத்தில் இந்தக் கோடைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி திர்சா. இன்னொருவன் ரெமி மெலான்சன். கோடை முடியும்போது ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகப் பேச்சு. அப்படிப்பட்ட இரண்டு பேர் கீரியும் பாம்புமாக இருக்க வேண்டும். இவர்களோ ஒரே கோப்பையில் காபி குடிக்காத குறைதான்.

ரெமி பின்வரிசையில் முட்டை சாண்ட்விச்சோடு உட்கார்ந்திருந்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு வைத்திருந்த தட்டில் முக்கால்வாசி அவன் கணக்கு.

"செத்தவங்களுக்கு நல்ல ருசி," என்றான். "இந்த அம்மா இருந்தப்பவே நான் பழகியிருக்கணும்."

"ரெமி, போன மாசம் இவங்க உயிலுக்கு நாம சாட்சிக் கையெழுத்துப் போட்டோமே. அன்னிக்கு வந்த அம்மாவோட கை ஞாபகமிருக்கா?"

"மூஞ்சியே ஞாபகமில்ல. நீ கையக் கேக்கறே."

"மூஞ்சி எனக்கும் ஞாபகமில்ல. சாட்சிக்குக் கூப்பிட்டா நாம எதப் பாப்போம்? பேனாவ. பேனா பிடிச்ச கைய. அந்தக் கையில அஞ்சு விரலும் முழுசா இருந்துச்சு."

"சரி, அதுக்கென்ன?"

"போய்ப் பெட்டிக்குள்ள பாத்துட்டு வா."

போனான். திரும்பி வந்தவன் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துவிட்டான். இந்தக் கோடையில் அவன் சாப்பாட்டைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை.

"எங்க ஊர்ப் பக்கம் இதுக்குப் பேரு முன்னோடி," என்றான் தணிந்த குரலில். "ஆள் சாகறதுக்கு முன்னாலயே உருவம் கிளம்பி ஊர் சுத்தும். எங்க மாமா ஒருத்தர் தன் உருவத்தையே படகுத்துறையில பாத்துட்டு வந்து படுத்தவர்தான்."

"உருவத்துக்கு வெட்டுப்பட்ட விரல் முளைக்குமா?"

"மேல போனா எல்லாக் குறையும் தீரும்னு பாதிரியார் சொல்றாரே."

வேறு சமயமாக இருந்தால் திர்சா சிரித்திருப்பாள். இப்போது பயமாக இருந்தது. அன்றைய காட்சி அவளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதத்துப் பகல், ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம்கூடத் தெரியாத கடல் மூடுபனி. தொப்பியும் மூக்குவரை சுற்றிய கழுத்துத் துணியுமாக ஒரு கிழவி வந்தாள். தொண்டையில் அறுவைச் சிகிச்சை, பேச முடியாது என்று முன்னாலேயே தகவல் வந்திருந்தது. வந்தாள், உட்கார்ந்தாள், கையெழுத்துப் போட்டாள். கடைசியில் நகல் எடுப்பதற்காகத் திர்சா உயிலின் மூலையிலிருந்த பின்னைப் பிடுங்கப் போனபோது கிழவியின் கை வந்து அவள் கைமேல் விழுந்து அழுத்தியது. ஐஸ் மாதிரிக் குளிர்ந்த கை. அன்று முதல் எத்தனையோ ராத்திரி அந்தக் குளிர் மணிக்கட்டில் ஏறித் திர்சா விழித்துக்கொண்டிருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை. சட்டம் படிக்கிறவள் பேய்க்குப் பயப்படுகிறாள் என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்.

"நீங்கதான் வக்கீல் ஆபீஸ் பிள்ளைங்களா, கண்ணு?"

தேநீர்க் கோப்பையை நீட்டியபடி நின்றது தியோடோரா. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து, எஸ்டி அம்மாளின் வீட்டிலேயே தங்கி, கடைசிவரை பார்த்துக்கொண்டவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் வேலையை வேறு யாரிடமும் விடவில்லை.

"அவங்க விரல்..." என்று இழுத்தாள் திர்சா.

"அதுவா? சின்ன வயசுல மத்தி மீன் டப்பா போடற ஆலையில வேலை பாத்தாங்க. கத்திரியில போயிடுச்சு. பேனாவ நடுவிரல்ல இடுக்கித்தான் எழுதுவாங்க, பாவம்."

"கடைசியா எப்ப வெளிய வந்தாங்க?"

"எங்க வந்தாங்க? ஏப்ரல்ல ஆஸ்பத்திரியில சேத்தது. அப்புறம் கண்ணே தெறக்கல." தியோடோரா மூக்கை உறிஞ்சினாள். "கால்கரிலேருந்து அம்மாவோட அண்ணன் மகன் ஃபோன் பண்ணினாரு. இந்த மாசத்தோட வீட்டக் காலி பண்ணணுமாம். சரிதானே, அவங்க வீட்டு சொத்து. பொட்டி கட்ட ஆரம்பிச்சுட்டேன்."

திர்சாவும் ரெமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். அந்த உயிலை அவர்கள் வாசித்திருக்கிறார்கள். வீடு தியோடோராவுக்கு. அண்ணன் மகனுக்கு ஒரு சுவர்க் கடிகாரம்.

வாசலுக்கு வந்தார்கள். வெளியே பனி தெருவை விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது. துறைமுகத்துப் பக்கம் கப்பல்களை எச்சரிக்கும் சங்கு ஊதியது.

"மத்தியானம் பெக்விட் நம்மள என்ன பண்ணச் சொல்லியிருக்கார்?" என்றாள் திர்சா.

"அபிடவிட்ல கையெழுத்து. 'வினிஃப்ரெட் எஸ்டி என் கண்ணெதிரில் கையெழுத்திட்டார்'னு சத்தியம்."

"சத்தியம் பண்ணினா பொய்ச் சத்தியம். பின்னால தெரிஞ்சா வக்கீல் சங்கம் நம்மள வாசல்படி மிதிக்க விடாது. பண்ணலைன்னா உயில் செல்லாது. தியோடோரா தெருவுல."

"மூணாவது வழி ஒண்ணு இருக்கு. நான் மீன் பிடிக்கப் போயிடறேன்." ரெமி சட்டைப்பையிலிருந்து உலர்ந்த கடற்பாசியை எடுத்து மென்றான். யோசனை வந்தால் அவனுக்கு அது வேண்டும். "திருடன் யாருன்னு இதுல என்ன ஆராய்ச்சி? பெக்விட்தான். எவளோ ஒரு நாடகக்காரிய வேஷம் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கார்."

"நாடகக்காரிக்கு அந்த பின்மேல என்ன அக்கறை?"

"எந்த பின்?"

"நான் பிடுங்கப் போனேனே, அது. உயில்ல ஒருதரம் பின் அடிச்சா அதை யாரும் எடுக்கக் கூடாது. ரெண்டு ஜோடி ஓட்டை இருந்தா எந்தப் பக்கத்த மாத்தினேன்னு ஜட்ஜ் கேப்பார். எனக்கே அன்னிக்குத் தெரியல. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னொண்ணும் கேளு. யாரும் சொல்லாமலே ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ இனிஷியல் போட்டாங்க."

ரெமி மெல்லுவதை நிறுத்தினான். "பேனாகூடத் தன் பையிலேருந்துதான் எடுத்தாங்க. நீல மை. கறுப்புல போட்டா எது அசல், எது நகல்னு தெரியாதுன்னு நம்ம ஆபீஸ்ல உயிர விடுவாங்களே."

"அப்ப அது யாரு?"

"வக்கீல்."

"வக்கீலுக்குத் தெரிஞ்சது பாதி. முழுசாத் தெரிஞ்சது வக்கீலோட செகரட்டரிக்கு."

இருவரும் நடக்கத் தொடங்கினார்கள். பெக்விட்டிடம் காலமெல்லாம் செயலாளராக இருந்தவள் லியோனா மெர்சரோ. இவர்கள் மே மாதம் வந்து சேர்வதற்குமுன், குளிர்காலத்திலேயே ஓய்வு பெற்றுவிட்டாள். இருவரும் அவளைப் பார்த்ததில்லை. ஆனால் அலுவலகத்தில் எங்கே திரும்பினாலும் அவள்தான். காபி டப்பாவில்கூட 'இரண்டு கரண்டி போதும்' என்று அவள் ஒட்டிய சீட்டு இன்னும் உரியவில்லை.

"அப்ப கிழவரும் கிழவியும் கூட்டுக் களவாணிங்க," என்றான் ரெமி. "அத்தனை வருஷம் எதிர்ல உக்காந்த முகத்த அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

"அதை அவங்ககிட்டயே கேப்போம். ஆரஞ்சு தெருவுலதான் வீடு."

ஆரஞ்சுத் தெருவில் இருந்த அந்தச் செங்கல் வீட்டின் கதவைத் திர்சா தட்டக் கையை ஓங்கியபோதே கதவு திறந்தது. உயரமான கிழவி. தொப்பி இல்லை, கழுத்துத் துணி இல்லை. திர்சா முகத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். ஐந்து விரலும் முழுசாக இருந்தன. மணிக்கட்டில் அந்தக் குளிர் மறுபடி ஏறியது.

"உள்ள வாங்க," என்றாள் லியோனா மெர்சரோ. "பனியில நிக்காதீங்க. பூ வைக்கப் போயிருப்பீங்க, விரலப் பாத்திருப்பீங்க. அவர் ஆளனுப்புவார்ங்கறத நான் மறந்து தொலைச்சேன். அந்த வழக்கத்த ஆரம்பிச்சு வச்சதே நான்தான்."

ஆவி பேசினால்கூடத் திர்சாவுக்கு இவ்வளவு தூக்கிவாரிப் போட்டிருக்காது. குரல் அவ்வளவு சாதாரணமாக, தேநீருக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்கிற தோரணையில் இருந்தது.

"மேடம், உங்க தொண்டை ஆபரேஷன் நல்லபடியா ஆறிடுச்சு போலிருக்கு," என்றான் ரெமி.

"நாக்கு நீளம்னு கேள்விப்பட்டேன். சரியாத்தான் சொல்லியிருக்காங்க." அவள் உட்கார்ந்தாள். "என்ன வேணா கேளுங்க. ஆனா மிஸ்டர் பெக்விட்மேல பழி போடாதீங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"தினம் பாத்த முகம் தெரியாதா, மேடம்?"

"அவர் என் முகத்தப் பாத்தே ரொம்ப வருஷமாச்சு, தம்பி. முதல்ல நடுவுல ஒரு கறுப்புப் பொட்டுன்னார். அப்புறம் பொட்டு பெருசாச்சு. இப்ப ஓரத்துல கொஞ்சம் வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான்."

திர்சா சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கோடை முழுவதும் பெக்விட் எந்தக் காகிதத்தையும் கையில் வாங்கியதில்லை. 'வாய்விட்டுப் படிங்க, வக்கீலுக்குக் காதுதான் முக்கியம்' என்பார். ஆகா, எப்பேர்ப்பட்ட பயிற்சி என்று இரண்டு பேரும் பூரித்துப் போனார்கள். ரெமி வீட்டுக்குக்கூட எழுதிப் பெருமையடித்தான். உயிலில் கையெழுத்து வாங்கிய அன்றும், 'இது உங்க உயில்தானே' என்று கேட்டுவிட்டு, சாட்சிகள் பக்கம் திரும்பி, 'அம்மா தலையாட்டினாங்களா?' என்றார். ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துத் திர்சாதான் 'ஆமாம் சார்' என்றாள்.

"நான் இருந்தவரைக்கும் நான் அவருக்குக் கண்ணு," என்றாள் லியோனா. "வீட்டுக்காரருக்கு முடியாமப் போனதும் வேலைய விட்டேன். அப்புறம் நீங்க."

"எஸ்டி அம்மா உயிலுக்கு எதுக்கு இந்த வேஷம்?"

"அவங்க உண்மையிலேயே ஒரு உயில் எழுதி வச்சாங்க, கண்ணு. ரொம்ப நாள் முன்னாடி. இதே உயில்தான், ஒரு எழுத்து மாறல. நான் கிளம்பற அன்னிக்குப் பழைய ஃபைல் கட்டுங்களையெல்லாம் காகிதம் அரைக்கிற மிஷினுக்கு அனுப்பினேன். அதுல அந்த அசலும் போயிடுச்சு. வசந்தத்துல தியோடோராவக் கடையில பாத்தேன். அம்மா இனி தேறமாட்டாங்கன்னா. விசாரிச்சப்பதான் அசல் இல்லன்னு தெரிஞ்சுது. எனக்கு ராத்திரி தூக்கம் போச்சு."

திர்சாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நகல் இருக்குமே, மேடம். தொலைஞ்ச உயில நகல வச்சு நிரூபிக்கலாம். இதை எங்களுக்கு முதல் வருஷத்துலயே சொல்லிக் குடுத்துட்டாங்க. அந்தப் பழைய உயில்ல சாட்சி யாரு?"

"நானும் அவரும்."

"ரெண்டு பேரும் கோர்ட்டுல வந்து சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சே."

"நான் போய்ச் சொல்லிடுவேன். எனக்கென்ன. ஆனா அண்ணன் மகன் சும்மா விடுவானா? அவரையும் கூண்டுல ஏத்துவாங்க. ஒரு காகிதத்த நீட்டி, 'இது உங்க கையெழுத்தா, பாத்துச் சொல்லுங்க'ம்பாங்க." லியோனாவின் குரல் முதல்முறையாக நடுங்கியது. "அவர் எங்க பாப்பாரு?"

வெளியே சங்கு ஊதி அடங்கியது.

"அவர் கண்ணக் காப்பாத்த எங்க ரெண்டு பேரையும் பலி குடுத்துட்டீங்க," என்றாள் திர்சா. "எங்க பேர்தான் அந்த உயில்ல இருக்கு. உங்க பேர் இல்ல."

லியோனா எழுந்து போய்க் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பெக்விட்டின் அறையில் விளக்குப் போட்டிருக்கவில்லை. அவருக்கு அது தேவைப்படுவதில்லை என்பது இப்போதுதான் திர்சாவுக்கு உறைத்தது. ஜன்னலில் பனி அப்பிக்கொண்டு நின்றது. மேஜைமேல் இரண்டு அபிடவிட்டுகள், பக்கத்தில் இரண்டு நீலப் பேனாக்கள். அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

லியோனா, வாசல் நிலையருகிலேயே நின்றுகொள்கிறேன் என்று சைகை காட்டினாள். தடித்த கம்பளம், காலடி ஓசை எழவில்லை. ரெமி அவளுக்குப் பக்கத்தில் நின்றான். திர்சா மட்டும் உள்ளே போனாள்.

"மிஸ் கோல்வெல்தானே? கூட்டம் எப்படி?"

"நிறையப் பேர் வந்திருந்தாங்க, சார்."

"நல்ல மனுஷி. அந்த அபிடவிட்டப் படிங்க. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடலாம்."

திர்சா காகிதத்தை எடுத்தாள். இந்த அலுவலகத்தில் ஒரு இடத்துக்காக அவள் மூன்று வருடமாகக் கண் விழித்துப் படித்திருக்கிறாள். கையெழுத்துப் போட்டால் இடம் அவளுக்கே கிடைக்கலாம். தியோடோராவுக்கு வீடும் கிடைக்கும். பொய் மட்டும்தான் கூடுதல். இவ்வளவு நல்ல காரியத்தைச் செய்கிற பொய்யை அவள் பார்த்ததில்லை. அதனாலேயே அது அவளைப் பயமுறுத்தியது.

"திர்சா கோல்வெல் ஆகிய நான் சத்தியமாகச் சொல்வது," என்று படித்தாள். "நான்... ஒரு பெண் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன். அந்தப் பெண் வினிஃப்ரெட் எஸ்டி இல்லை."

"அப்படியா எழுதியிருக்கு?"

"இல்ல, சார். அப்படித்தான் எழுதணும். அவங்க ஏப்ரல்லேருந்து கண்ணே தெறக்கல."

பெக்விட் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

"ரெமி, லியோனாவுக்கு ஒரு நாற்காலி போடுங்க. எவ்வளவு நேரம் நிப்பாங்க."

ரெமி நாற்காலியைத் தேடவில்லை. அவன் வாய் திறந்தபடி நின்றது. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற பயல் அவன். லியோனா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மூச்சுக்கூடப் பெரிதாக விடவில்லை.

திர்சாவுக்கு முதுகில் சில்லென்றது. கிழவியின் கைபட்டபோது வந்த குளிர் ஒன்றுமேயில்லை என்று தோன்றியது.

"அன்னிக்கும் தெரியுமா, சார்?"

"கதவத் தொறந்தப்பவே. அவங்க கதவத் தொறக்கற சத்தம் எனக்குத் தெரியாதா?"

"ஐயோ, ஆல்டன்," என்றாள் லியோனா. அத்தனை வருடத்தில் அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறையோ என்னவோ. "தெரிஞ்சா தடுத்திருக்கலாமே."

"எனக்காக ஒருத்தி இவ்வளவு செய்யறான்னு இருந்தது. தடுக்க மனசு வரல."

"எங்ககிட்ட எதுக்கு, அம்மா தலையாட்டினாங்களான்னு கேட்டீங்க?" என்றாள் திர்சா.

"நீங்க ஆமான்னு சொல்லணும். நான் அதை நம்பினதா ஆகணும். அதுக்குத்தான்." அவர் அதைப் பாடம் நடத்துகிற குரலில் சொன்னார். சொல்லி முடித்ததும் அந்தக் குரல் அவருக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க சின்னவங்க, உங்களுக்கு நாள் இருக்கு, தப்பிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

"தியோடோரா வீட்டுல பொட்டி கட்டிட்டிருக்காங்க, சார். துக்கத்துக்கு வந்தவங்களுக்கெல்லாம் டீ குடுத்துக்கிட்டே, அடுத்த மாசம் எங்க தங்கறதுன்னு தெரியாம நிக்கறாங்க. பழைய உயில்ல சாட்சி போட்டப்ப உங்களுக்குக் கண் நல்லாத் தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது. அந்தக் கையில விரல் பாதிங்கறதையும் பாத்தேன்."

"அதைக் கோர்ட்டுல சொல்லுங்க."

"சொன்னா இந்தக் கதவச் சாத்தணும். லியோனாமேல வழக்கு வரும். எனக்கும்தான். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வச்சிருந்த இடமும் போயிடும்."

"தெரியும், சார்."

ரெமி வாசலிலிருந்து, "எனக்கு மீன் பிடிக்கத் தெரியும்," என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

பெக்விட் கையை மேஜைமேல் நகர்த்திப் பேனாவைத் தேடினார். தவறான பக்கம் போன அந்தக் கையை லியோனா பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டடி முன்னால் வந்தாள். ஆனால் எடுத்துக் கொடுக்கவில்லை. விரல் பேனாவில் இடித்ததும் அவர் அதைத் திர்சா நின்ற பக்கம் உருட்டிவிட்டார்.

"ஒரு அபிடவிட் எழுதுங்க, மிஸ் கோல்வெல். என் பேர்ல. பழைய உயில், விரல், அரைக்கிற மிஷின், எல்லாம் வரிசையா வரட்டும்."

திர்சா உட்கார்ந்து வெள்ளைத்தாளை இழுத்துக்கொண்டாள். "எதுலேருந்து ஆரம்பிக்கட்டும், சார்?"

அவர் முதல்முறையாக அவள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கண்கள் அவளுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, சுவரில் போய் நின்றன.

"எனக்குக் கண் தெரியாது. அதுதான் முதல் வரி."